ஒளியும் நிழலும் உண்மையும்

மாணவர்களே! கேமரா எடுக்கும் படத்திற்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது பேச்சில் மிகுதியாக வழங்கும் பெயர். நிழற்படம், ஒளிப்படம் என்பன மற்ற இரண்டு. ஒரே பொருளை ஒரு பெயர் நிழல் என்கிறது; மற்றொரு பெயர் ஒளி என்கிறது. இரண்டும் பொருத்தமானவையே. ஒளி விழுந்த இடமும் விழாத இடமும் சேர்ந்தே படம் உருவாகிறது. அவற்றின் அளவை மாற்றினால், ஒரே காட்சி அமைதியானதாகவும் தோன்றும், அச்சமூட்டுவதாகவும் தோன்றும். அம்மாற்றத்தை இன்று செல்பேசியில் விரல் நுனியால் செய்துவிடுகிறோம். அது எவ்வாறு நிகழ்கிறது, எதுவரை செய்யலாம் என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

எண்களால் ஆன படம்

செல்பேசியில் உள்ள படத்தை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறுசிறு சதுரங்கள் தெரியும். அவற்றைப் படப்புள்ளிகள் என்பர். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கென மூன்று எண்கள் உண்டு. நாம் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். மூன்றும் 0 ஆனால் முழுக் கருமை. மூன்றும் 255 ஆனால் முழு வெண்மை. படத்தைத் திருத்துதல் என்பது இவ்வெண்களை மாற்றுதலேயாகும்.

பெங்களூரில் தமிழர் பலர் வாழும் அல்சூர்ப் பகுதியில் பழமையான சோமேசுவரர் கோவில் உள்ளது. தென்மேற்குப் பருவமழைக் காலத்து மாலையொன்றில் அதன் கோபுரத்தைப் படம் எடுப்பதாகக் கொள்வோம். கோபுரத்திற்குப் பின்னே கருமேகங்கள் திரண்டிருக்கின்றன. நேரில் காணும்போது மெய் சிலிர்க்கிறது. படத்திலோ மேகமும் கோபுரமும் ஒரே சாம்பல் நிறமாகச் சோர்ந்து தெரிகின்றன. காரணம் யாது? செல்பேசி காட்சி முழுவதற்கும் நடுத்தரமான ஒளியளவைத் தேர்ந்துகொள்கிறது. ஆகவே பெரும்பாலான புள்ளிகளின் எண்கள் நடுப்பகுதியில் குவிந்துவிடுகின்றன. ஆழ்ந்த இருளும் இல்லை. மிகுந்த ஒளியும் இல்லை.

இப்படத்திற்கு வலிமையூட்டும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில் 'எக்ஸ்போஷர்' எனப்படும் மொத்த ஒளியளவைச் சற்றுக் குறைக்கலாம். மேகங்களின் கனம் தெரியத் தொடங்கும்.

அடுத்தது 'கான்ட்ராஸ்ட்'. இது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளி. இதைக் கூட்டினால், நடுவில் குவிந்திருந்த எண்கள் இரு பக்கமும் விலகும். இருண்ட பகுதி மேலும் இருளும். ஒளிர்ந்த பகுதி மேலும் ஒளிரும்.

மூன்றாவதாக, நிறத்தின் செறிவைக் குறைக்கலாம். அல்லது படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றலாம். நிறம் விலகியதும் கண் வடிவங்களையும் கல்லின் சொரசொரப்பையும் கவனிக்கும்.

நான்காவதாக, குறிப்பிட்ட இடங்களை மட்டும் மாற்றலாம். மனிதக் கண் படத்தில் ஒளி மிகுந்த இடத்தை முதலில் நாடும். ஆகவே கோபுரத்தைச் சற்று ஒளிரச் செய்து, படத்தின் ஓரங்களை இருளச் செய்தால், பார்ப்பவர் பார்வை கோபுரத்தில் நிலைக்கும். ஓரங்களை இருளச் செய்வதற்கு 'விக்னெட்' என்று பெயர்.

எல்லாவற்றையும் அளவோடு செய்தல் வேண்டும். அளவு மீறினால் கோபுரத்தைச் சுற்றி வெண்ணிறக் கோடு தோன்றும். வானத்தில் புள்ளி புள்ளியாக அழுக்கு எழும். மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். ஒரு புள்ளியின் எண்கள் படம் எடுக்கும்போதே 255ஐ எட்டிவிட்டால், அங்கிருந்த மேகத்தின் வடிவம் பதிவாகவேயில்லை என்பது பொருள். பதிவாகாததை எந்தச் செயலியாலும் மீட்க இயலாது. இதனால்தான் தேர்ந்த ஒளிப்படக்காரர்கள் வானம் வெளுத்துப்போகாதபடி சற்றுக் குறைந்த ஒளியில் படம் எடுப்பர். அவர்கள் 'ரா' என்னும் மூலக்கோப்பையும் சேமிப்பர். அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் 256 படிநிலைகள் மட்டுமன்றி 4,096 அல்லது 16,384 படிநிலைகள் இருப்பதால், திருத்துவதற்கு இடம் மிகுதி.

மாட்டு வண்டியில் சென்ற கேமரா

படத்தைத் திருத்தும் வழக்கம் கணினியோடு தோன்றியதன்று. அதற்குச் சான்று நம் பெங்களூரிலேயே உண்டு. சென்னை மாகாண அரசு 1856இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரைத் தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. அவர் பெங்களூரைத் தம் பணியிடமாகக் கொண்டார். 1857 டிசம்பரில் கேமராவையும் வேதிப்பொருள்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். இராயக்கோட்டை, சேலம் மாவட்டம், திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் படங்கள் எடுத்தார். உங்களுள் பலருடைய பெற்றோர் இந்நகருக்கு வந்த வழியில், எதிர்த்திசையில் சென்ற பயணம் அது.

அவர் மெழுகு ஊட்டிய தாளில் படம் பிடித்தார். அத்தாளில் பூசிய வேதிப்பொருள் நீல ஒளியை மிகுதியாக ஏற்கும் இயல்புடையது. அதனால் அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளையாகவே வந்தது; மேகங்கள் பதிவாகவில்லை. படம் பதிய நெடுநேரம் ஆனதால், காற்றில் அசைந்த மரக்கிளைகளும் கலங்கித் தெரிந்தன. டிரைப், 'நெகட்டிவ்' எனப்படும் எதிர்ப்படத்தின்மீது வண்ணம் தீட்டி, மேகங்களையும் இலைத் தொகுதிகளையும் தாமே உருவாக்கினார். மதுரையையும் தஞ்சையையும் காட்டும் அப்பழைய படங்களில் நாம் காணும் மேகங்களுட் சில, தூரிகையால் பிறந்தவை.

அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளையும் படம் பிடித்தார். 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். கோவிலின் மேலுள்ள வானத்தில் ஒரு மேகம் கூடினாலும் குறைந்தாலும் வரலாறு மாறாது. கல்வெட்டில் ஓர் எழுத்து மாறினால் வரலாறே மாறிவிடும். இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் படச்சுருள் வந்தது. இருட்டறையில், படத்தாளின்மீது ஒளி விழும்போது கையாலோ அட்டைத் துண்டாலோ ஓரிடத்தை மறைத்தால் அவ்விடம் வெளிறும். ஓரிடத்திற்கு மட்டும் கூடுதலாக ஒளி பாய்ச்சினால் அவ்விடம் கறுக்கும். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள் (1932–2017) தலைமுறையினர் இருட்டறையில் தேர்ச்சி பெற்றவர்கள். 1990இல் போட்டோஷாப் மென்பொருள் வெளிவந்தது. அதில் இருளச் செய்யும் கருவியின் அடையாளமாக இன்றும் ஒரு கைப் படமே உள்ளது. இருட்டறையில் ஒளியை அளந்து விட்ட கைதான் அது.

எல்லை எது?

"ஒளியின் அளவை மாற்றலாம், பொருளைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது" என்பது எளிய விதி. இயற்கை, செய்தி ஆகிய துறைகளின் ஒளிப்படப் போட்டிகள் பலவும் இவ்விதியையே தழுவி நிற்கின்றன. இவ்விதியை மீறியதன் விளைவைக் காண்போம். 2006 ஆகஸ்டில் லெபனான் நாட்டின் பெய்ரூட் நகரில் குண்டுவீச்சு நடந்தது. அங்கு எழுந்த புகையை ஒருவர் கணினியில் நகலெடுத்துப் பெருக்கிக் காட்டினார். புகை எழுந்தது உண்மை, பெருகியது பொய். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அப்படத்தைத் திரும்பப் பெற்றது. அவர் எடுத்த 920 படங்களையும் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. மிகைப்படுத்திய படத்தால் மற்றப் படங்களும் நம்பிக்கையை இழந்தன.

ஆயினும் இவ்விதி மட்டும் போதுமா? 1994 ஜூனில் அமெரிக்காவில், விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டார். காவல் துறை எடுத்த அவருடைய படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' ஆகிய இரு வார இதழ்களும் ஒரே வாரத்தில் அட்டையில் வெளியிட்டன. நியூஸ்வீக் அதை உள்ளவாறே அச்சிட்டது. டைம் இதழோ அவர் முகத்தைக் கறுக்கச் செய்து, ஓரங்களையும் இருளாக்கி வெளியிட்டது. கடைகளில் இரண்டும் அருகருகே இருந்தமையால் வேறுபாடு யாவர்க்கும் புலப்பட்டது. வழக்கு விசாரணைக்கு முன்னரே, ஒரு கறுப்பினத்தவரைக் கொடியவராகத் தோன்றச் செய்துவிட்டனர் என்று கண்டனம் எழுந்தது. அங்கே எப்பொருளும் சேர்க்கப்படவில்லை, நீக்கப்படவும் இல்லை. கோபுரப் படத்திற்கு நாம் செய்த அதே திருத்தங்கள்தாம், ஒரு மனிதர்மீது தீர்ப்பாக விழுந்தன.

ஆகவே, எந்தக் கருவியைப் பயன்படுத்தினோம் என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. அப்படத்தைப் பார்ப்பவர் எதை உண்மை என்று நம்பிக்கொள்வார் என்பதே அளவுகோல். கோபுரப் படத்தைக் காண்பவர் மழைக்கால மாலையின் உணர்வை நாடுகிறார், அவ்வுணர்வு உண்மையானதே. செய்திப் படத்தைக் காண்பவர் நடந்ததை அறிய விரும்புகிறார். முகத்தைக் காண்பவர் அம்மனிதரை அறிய விரும்புகிறார்.

முகத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லுதல் வேண்டும். செல்பேசிகள் சிலவற்றில் முகத்தை 'அழகாக்கும்' அமைப்பு உள்ளது. நாம் கேளாமலேயே அது தோலை வெளுப்பாக்குவதும் உண்டு. ஒரு முகத்தைக் கொடியதாகக் காட்டக் கறுப்பாக்குவதும், அழகியதாகக் காட்ட வெளுப்பாக்குவதும் ஒரே தவறான எண்ணத்தின் இரு பக்கங்கள். கருமை குறையன்று. கருமேகம் இல்லாவிடில் நம் கோபுரப் படத்திற்கு வலிமையே இல்லை. கறுத்த முகத்தைப் படம் எடுக்கும்போது, அம்முகத்தில் நல்ல ஒளி விழும் இடத்தில் ஒருவரை நிற்கச் செய்யுங்கள். சன்னலோர ஒளி போதும். தோலின் இயல்பான நிறமும் கண்ணின் ஒளியும் தெளிவாகப் பதியும்.

இனி நீங்கள் படங்களைத் திருத்தும்போது நான்கு வழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். மூலப் படத்தை அழியாமல் வைத்திருங்கள்; நகலில் மட்டுமே திருத்துங்கள். பிறர் முகத்தைத் திருத்தினால், வெளியிடும் முன் அவரிடம் காட்டி இசைவு பெறுங்கள். நடந்த நிகழ்வைக் காட்டும் படத்தில் எதையும் சேர்க்காதீர்கள், நீக்காதீர்கள். கலைக்காகப் பெரிதும் மாற்றிய படத்தின்கீழ், 'திருத்தப்பட்ட படம்' என்று எழுதுங்கள்.

செய்து பார்க்க

உங்கள் வீட்டருகே உள்ள மரம், கடைத்தெரு, ஏரி ஆகியவற்றுள் ஒன்றைப் படம் எடுங்கள். அதை ஒரு முறை மகிழ்ச்சி தோன்றவும், மறு முறை அச்சம் தோன்றவும் திருத்துங்கள். இரண்டையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டி, அவர் கூறுவதைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. 'நிழற்படம்', 'ஒளிப்படம்' என்னும் பெயர்கள் இரண்டும் பொருந்துவது எவ்வாறு?
2. படம் எடுக்கும்போதே வெளுத்துப்போன வானத்தை மீட்க இயலாதது ஏன்?
3. டிரைப் வானத்தில் மேகம் தீட்டியதற்கும், கல்வெட்டில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
4. பள்ளி விளையாட்டு விழாப் படத்தில், தோற்ற அணி மாணவரின் முகத்தை இருளாக்கி வெளியிடுவது முறையாகுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.