தேக்குப் படிக்கட்டைச் சுரண்டும் முன்...

மதுரையின் பழைய வீடுகள் சிலவற்றிலும், காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளிலும் பர்மா தேக்கில் செய்த மாடிப்படிகள் இன்னும் உறுதியாக நிற்கின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, ‘‘இந்தப் பெயின்ட்டைச் சுரண்டிட்டு மரம் தெரியுற மாதிரி பாலிஷ் போடலாமே’’ என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் தவழும் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், ஆசாரியைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய எனாமல் பெயின்ட்டுகள் பலவற்றில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் காரீயம் கலந்தார்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் கடைசல் கால்களின் வளைவுகளில், தாத்தா காலத்துப் பூச்சு அடுக்கடுக்காகத் தங்கியிருக்கும். அதை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசி வீடு முழுக்கப் பரவும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற குழந்தைக்கு அது நேராக வயிற்றுக்குள் போகும். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தசோகை, மலச்சிக்கல், வயிற்றுவலி, படிப்பில் மந்தம் எல்லாம் வரலாம். எந்த அறிகுறியும் தெரியாமலும் மூளை பாதிக்கப்படலாம். சித்த வைத்தியத்தில் காரீயத்தைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதே இல்லை. அப்படிப்பட்ட பொருள் இது!

சந்தேகம் இருந்தால், ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணியையும் வேறு வீட்டில் விடுங்கள். பழைய பூச்சைத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் எடுக்கச் சொல்லுங்கள். தீ காட்டிப் பெயின்ட்டை உரிக்கவே கூடாது. ஈய ஆவி கிளம்பும். துடைப்பமும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

மரம் நன்றாகக் காய்ந்த பிறகு 80, 120, 180 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மரத்தூளும் லேசுப்பட்டதல்ல, அது மூக்கில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அறிவித்துவிட்டது. வருஷக்கணக்கில் இதே வேலை பார்க்கும் ஆசாரிக்குத்தான் ஆபத்து அதிகம். கூலியோடு ஒரு என்-95 முகமூடியும் கொடுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது.

ஏற்கெனவே சுரண்டியாகிவிட்டதா? குழந்தையின் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துவிடுங்கள். கஷாயம் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று இருக்காதீர்கள்; ஒரு சித்த மருத்துவனாகவே இதைச் சொல்கிறேன்.

மேல்பூச்சுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்சு பாலிஷும் போடலாம், ஆளிவிதை எண்ணெயும் பூசலாம். எண்ணெய் துடைத்த துணிகளை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.