நாதத்துக்கு இடைஞ்சல் செய்யாத இயங்குதளம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்துள்ள ஓரிக்கை, சங்கீதத்துக்கு அந்நியமான பிரதேசத்தைச் சேர்ந்த ஊர் அல்ல. பக்கவாத்தியக்காரர்கள் பலரை ஒரே மேடையில் அமர்த்திக்கொண்டு, லய நுட்பங்களில் அவர்களுக்குச் சிறிதும் சளைக்காமல் பாடிய காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை வாழ்ந்ததும், பெண்கள் ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடும் வழக்கமில்லாத காலத்தில் அதைத் துணிந்து பாடி நிலைநாட்டிய டி.கே. பட்டம்மாள் 1919-இல் பிறந்ததும் இந்தக் காஞ்சி மண்டலத்தில்தான். அத்தகைய மண்ணில் வாழும் ரஸிகர் ஒருவர், நல்ல ஒலிபெருக்கிகளையும் பெருக்கியையும் வாங்கி, அவற்றைத் தம் கணினியோடு இணைத்து, வீட்டில் இருந்தபடியே உயர்ந்த தரத்தில் கச்சேரி கேட்க விரும்பினால், அவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, கணினியில் எந்த இயங்குதளத்தை வைத்துக்கொள்வது என்பதே. விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று இதைப் பற்றி ரஸிகர்களிடையே நடக்கும் விவாதங்கள் உக்கிரமானவை. ஆனால் விஷயத்தை நிதானமாக ஆராய்ந்து பார்த்தால், இயங்குதளம் எதுவும் சங்கீதத்துக்கு அழகு சேர்ப்பதில்லை என்பதும், பதிவில் உள்ளதைக் கெடுக்காமல் ஒப்படைப்பதே அதன் முழுத் தகுதி என்பதும் புலப்படும்.

இடையில் நடப்பது என்ன?

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதித்து வைக்கிறது. வலம், இடம் என்ற இரண்டு தடங்களையும் சேர்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. இந்த எண்களைக் கோப்பிலிருந்து எடுத்து, அவற்றை மீண்டும் மின்னலையாக மாற்றும் ‘டேக்’ என்ற கருவியிடம் சேர்ப்பதே கணினியின் வேலை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணினி பாட்டு கேட்பதற்கென்றே படைக்கப்பட்ட சாதனம் அன்று. மின்னஞ்சல் வந்ததை அறிவிக்கும் மணியோசை, காணொளியின் ஒலி, பாட்டு ஆகிய யாவற்றையும் ஒரே வாயில் வழியாக வெளியேற்ற வேண்டிய கடமை அதற்கு உண்டு. ஆகையால், பல வேகங்களில் வரும் ஒலிகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து கலக்கும் ஒரு கலவைக்கூடத்தை இயங்குதளம் தன்னுள் வைத்திருக்கிறது. காணொளிக்குரிய 48,000 என்ற வேகத்தில் அந்தக் கூடம் இயங்கும்போது, குறுந்தட்டின் ஒவ்வொரு 147 அளவுகளுக்கும் பதிலாக 160 அளவுகளைக் கணக்கிட்டு உண்டாக்க நேர்கிறது. இதை நேர்த்தியாகச் செய்தால் காது வித்தியாசம் காண்பது அரிது. அலட்சியமாகச் செய்தால் பதிவில் இல்லாத மாசு நாதத்தில் ஏறிவிடுகிறது. எண் மாறாமல் சேர வேண்டும் என்று ரஸிகர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

முதலில் தகுதி, பிறகு தேர்வு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதுவதற்கு முன்பே, சொந்த மனை உடையவராகவும், வரி செலுத்தும் நிலம் உடையவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும் என்று தகுதிகளை வரையறுத்து, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்கியும் வைத்தது. அந்த ஊரை அண்டி வாழ்கிற நாம், இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் அந்த முறையையே பின்பற்றுவது உசிதம். கோப்பில் உள்ள எண்களை மாற்றாமல் ஒப்படைக்க வேண்டும். இடையில் தடங்கலின்றி உரிய காலத்தில் ஒப்படைக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரத்தின் குணாதிசயங்களைத் தாங்கிப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். இம்மூன்றும் போதுமான தகுதிகள், மற்றவை அலங்காரங்களே.

விண்டோஸ், தன் போக்கில் விடப்பட்டால், எல்லா ஒலிகளையும் கலவைக்கூடத்தின் வழியாகவே அனுப்பும். அமைப்புகளில் குறித்து வைத்த வேகம் எதுவோ அதற்கே எல்லாப் பாட்டையும் மாற்றிவிடும். ஆனால் ‘வாசாபி’ என்ற வழியில், பிரத்தியேக முறை என்ற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தால், பாட்டு இசைக்கும் செயலி டேக் கருவியைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டு, கலவைக்கூடத்தைத் தொடாமல் எண்களைச் சேர்த்துவிடுகிறது. ஃபூபார்2000 போன்ற இலவசச் செயலிகளில் இந்த வசதி உண்டு. யூ.எஸ்.பி. வழியாக உயர்வேக ஒலியை அனுப்பும் இரண்டாம் வகுப்பு முறையை விண்டோஸ் 2017-இல்தான் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பெல்லாம் கருவி செய்தவர் தரும் இயக்கி மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

ஆப்பிளின் மேக், ‘கோர் ஆடியோ’ என்ற ஒழுங்கான அடித்தளத்தைப் பெற்றிருக்கிறது. பெரும்பாலான டேக் கருவிகளை, தனி இயக்கி எதையும் கேட்காமல் அது ஏற்றுக்கொள்ளும். அதன் குறை வேறு விதமானது. ஒரு பாட்டு 44,100 என்ற வேகத்திலும் அடுத்தது 96,000 என்ற வேகத்திலும் இருந்தால், கூடவே வரும் மியூசிக் செயலி கருவியின் வேகத்தைத் தானாக மாற்றிக்கொள்ளாமல், முன்பு குறித்த வேகத்திலேயே இரண்டையும் அனுப்புவதை நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டிருந்தது. அதை ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற இடத்தில் கையால் திருத்தலாம். அல்லது வேகத்தைத் தானே மாற்றும் வேறு செயலியை வாங்கிக்கொள்ளலாம்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், ‘ஆல்சா’ என்ற ஒலிப்பகுதி கருவியோடு நேரடியாகப் பேச இடமளிக்கிறது. கலவைக்கூடத்தை ஒதுக்கிவிட வேண்டுமானால், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஓர் அமைப்பில் ஒரு வரி எழுதினால் போதும். இந்த எளிமையின் காரணமாகவே, 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுள்ள கணினியில் இயங்குமாறு, வால்யூமியோ, மூட், பைகோர்பிளேயர் முதலிய, பாட்டுக்கென்றே சமைத்த லினக்ஸ் வகைகள் தோன்றின. திரையும் விசைப்பலகையும் இன்றி, கைபேசியிலிருந்தே பாட்டைத் தேர்ந்தெடுக்கும் சௌகரியம் இவற்றில் உண்டு.

மின்சாரம் என்ற தேர்வாளர்

நகரத்து ரஸிகர் அதிகம் கவலைப்படாத விஷயம் ஒன்று கிராமத்து ரஸிகருக்குப் பிரதானமாகிவிடுகிறது. கச்சேரியின் நடுவே மின்சாரம் நின்றால் பாட்டு நிற்பதோடு போவதில்லை; கணினி எதையோ எழுதிக்கொண்டிருந்த நேரமாயின் அதன் கோப்புகளும் சிதைந்து, மறுபடி அது எழாமலே போகக்கூடும். பைகோர்பிளேயர் தன்னை முழுவதும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்குவதால், அட்டையில் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் அவசியம் அதற்கில்லை. திடீரென்று மின்சாரம் போனாலும் மீண்டும் வந்தவுடன் பழுதின்றி எழுகிறது. ஓரிக்கை போன்ற ஊர்களுக்கு இந்த ஒரு குணம், ஒலியைப் பற்றிய ஆயிரம் வாக்குறுதிகளைக் காட்டிலும் விலைமதிப்புள்ளது. சாதாரணக் கணினியையே உபயோகிக்கிறவர், அதற்கும் டேக் கருவிக்கும் இன்வெர்ட்டர் அல்லது யூ.பி.எஸ். வழியாக மின்சாரம் தருவதும், வீட்டின் நில இணைப்பைச் சோதித்துக்கொள்வதும் நலம். ஒலிபெருக்கியில் கேட்கும் ஹும் என்ற இரைச்சலுக்கு இயங்குதளத்தைப் பழிப்பதில் பயனில்லை, பெரும்பாலும் அது நில இணைப்பின் கோளாறே.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. படிப்பு முடிந்து பரணில் கிடக்கும் அத்தகைய மடிக்கணினியில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவி, ஒரு டேக் கருவியை யூ.எஸ்.பி.யில் இணைத்தால், புதிதாகக் கணினி வாங்காமலே தகுதியான சங்கீத யந்திரம் வீட்டுக்குக் கிடைத்துவிடும். விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டபடியால், விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத எத்தனையோ நல்ல கணினிகளுக்கும் இதுவே புனர்ஜன்மமாகும்.

காதுக்கு எட்டுவதும் எட்டாததும்

இயங்குதளத்தை மாற்றினால் தம்பூராவின் ஜீவனே வேறாகக் கேட்கும் என்று சொல்வோர் உண்டு. அவர்களுடைய அனுபவத்தை நான் அவமதிக்கவில்லை. ஆயினும் விஷயத்தின் காரணத்தைப் பார்க்க வேண்டும். இன்றைய நல்ல டேக் கருவிகள், எண்களை எந்த விநாடிக்கூற்றில் வெளியிடுவது என்பதைத் தம் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டே தீர்மானித்து, வேண்டிய அளவைக் கணினியிடம் கேட்டு வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே, எண்கள் மாறாமலும் தடைப்படாமலும் வந்து சேர்ந்துவிட்டால், அவற்றை அனுப்பியது எந்த இயங்குதளம் என்று கருவிக்குத் தெரியாது. மேயர், மோரன் என்ற இரு அமெரிக்கர் 2007-இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்ட சோதனையில், உயர்வேகப் பதிவையும் அதையே குறுந்தட்டின் அளவுக்குச் சுருக்கியதையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தபோது, சாதாரண ஒலியளவில் கேட்டவர்களால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. எண்களே வேறானபோது நிலை இதுவென்றால், ஒரே எண்களை அனுப்பும் இரண்டு இயங்குதளங்களிடையே பேதம் காண்பதற்கு எத்தனை எச்சரிக்கை வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாறாக, நம் சங்கீதத்துக்கே உரிய இரண்டு தேவைகளை எந்த விவாதத்திலும் யாரும் போதிய அளவு பேசுவதில்லை. ஆலாபனை, தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று ஒரே உருப்படியைப் பல தடங்களாகப் பிரித்திருக்கும் பதிவுகளில், ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரை விநாடி மௌனம் புகுந்தாலும் தாளம் அறுந்துபோகிறது; ஆகையால் இடைவெளியின்றி இசைக்கும் செயலியையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, பாடகர் பெயரும் தலைப்பும் மட்டுமே காட்டும் செயலி நமக்குப் போதாது. ராகம், தாளம், சாஹித்யகர்த்தா, பக்கவாத்தியக்காரர்கள் ஆகிய விவரங்கள் இல்லாவிட்டால் ஆயிரம் கீர்த்தனைகளிடையே ஒரு தோடியைத் தேடுவது வீண் சிரமம். 2001-இல் வெளிவந்த, ஒலியில் எதையும் இழக்காமல் கோப்பைச் சுருக்கும் ‘ஃபிளாக்’ முறையில், நாம் விரும்பும் பெயரில் எத்தனை குறிப்புகளையும், தமிழிலேயே, எழுதி வைக்க இடமுண்டு.

என் தீர்ப்பு இது. சங்கீதத்துக்கென்று தனியாக ஒரு யந்திரத்தை ஒதுக்க முடிந்தவர், பாட்டுக்கென்றே அமைந்த லினக்ஸை வைத்துக்கொள்ளட்டும். விலையிலும், எளிமையிலும், மின்வெட்டைத் தாங்கும் உறுதியிலும் அதற்கு ஈடு இல்லை. ஏற்கெனவே விண்டோஸ் கணினி வைத்திருப்பவர் பிரத்தியேக முறையை இயக்கினால் போதும். மேக் வைத்திருப்பவர் வேகத்தைப் பாட்டுக்கு ஏற்பக் குறித்துக்கொண்டால் போதும். இயங்குதளத்துக்காகவே இன்னொரு கணினி வாங்குவது வீண் செலவு. அப்படி மிச்சமாகும் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்கும், எதிரொலியை அடக்கக் கனமான திரையும் விரிப்பும் கொண்ட அறைக்கும், வித்வான்களின் பதிவுகளை விலைகொடுத்து வாங்குவதற்கும் செலவிடுமாறு ரஸிகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.