குதிரையை அறிய வயிறும் குளம்பும்

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் குதிரை என்றதும் மனத்தில் எழுவது ஊரெல்லையில் நிற்கும் அய்யனாரின் சுடுமண் குதிரையே அன்றி உயிருள்ள விலங்கு அன்று. அன்றைய தமிழ் அரசுகளுக்குப் போர்க்குதிரை இன்றியமையாததாக இருந்தும், தமிழ் மண்ணில் அதைப் பெருமளவில் ஈன்று வளர்க்க இயலாமையால், சோழரும் பாண்டியரும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளையே நம்பியிருந்தனர். பாண்டியனுக்குக் குதிரை வாங்க மாணிக்கவாசகர் பொருளுடன் சென்ற கதையும் அந்த வணிகத்தின் நினைவையே தாங்கி நிற்கிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசர் ஒருவர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்று எழுதினார். அவற்றுக்குச் சோற்றுடன் இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தனர் என்பதும், நோய் தீர்க்கத் தெரிந்தவரும் லாடம் அடிப்பவரும் இங்கு இல்லை என்பதும், விற்பனை குறையாதிருக்க வணிகர்களே அத்தகையோரை வரவிடவில்லை என்பதும் அவர் கூறிய செய்திகள். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் சுட்டிய காரணங்கள் குதிரையின் உடலமைப்போடு முற்றிலும் பொருந்துகின்றன.

குதிரை புல்வெளி விலங்கு. நாளில் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழிக்குமாறு அமைந்தது. 400 முதல் 500 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டரே கொள்ளும் என்பதால், அது சிறுகச் சிறுக ஓயாமல் உண்ண வேண்டியிருக்கிறது. மாட்டைப்போல அசைபோடாமல், புல்லின் நாரைப் பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள குருட்டுக்குடல் என்னும் பெரிய பையிலும் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச் செய்து அது சத்தைப் பெறுகிறது. தீவனம் திடீரென மாறினால் அந்த நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து வயிற்றில் வாயு திரளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாதாகையால், நமக்கு எளிதில் அடங்கும் வயிற்றுவலி அதற்கு உயிரையே பறிக்கக்கூடிய நோயாகிவிடுகிறது. புல்லும் வைக்கோலும் அடிப்படை உணவாக இருக்க, கொள்ளு போன்ற தானியம் உழைப்புக்கேற்ற அளவான துணையுணவாக மட்டுமே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தூய நீரும் வேண்டும். நம் வெயிலில் இதற்கு மேலும் தேவைப்படும்.

வயிற்றுக்கு அடுத்தது குளம்பு. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நாயளவே இருந்த குதிரையின் மூதாதைக்கு முன்கால்களில் நான்கும் பின்கால்களில் மூன்றுமாக விரல்கள் இருந்தன. இன்றைய குதிரையோ ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலில், அதன் நகமாகிய குளம்பின் மீது, முழு உடலையும் தாங்கி நிற்கிறது. குளம்பு மாதந்தோறும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்வதால், சுமார் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீவிச் செப்பனிட்டு, கடினமான தரையில் உழைக்கும் குதிரைக்கு லாடமும் அடிக்க வேண்டும்.

வயிறும் குளம்பும் எல்லாக் குதிரைகளுக்கும் பொதுவானவை; உயரமும் இனமுமே வேறுபடும். மட்டக்குதிரை என்பது குதிரைக்குட்டி அன்று. முழு வளர்ச்சியடைந்த பின்னும் குள்ளமாகவே இருக்கும் குதிரை வகை அது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுப்பகுதி வரை அளக்கும்போது உயரம் ஏறத்தாழ 148 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டக்குதிரை என்பது பொதுவான வரையறை. போலோ விளையாட்டோடு பெயர் பெற்ற மணிப்பூரி இவ்வகையைச் சேர்ந்தது. காது நுனிகள் உள்நோக்கி வளைந்த மார்வாரியும் கத்தியவாரியும் இந்தியாவின் பெயர் பெற்ற குதிரை இனங்கள்.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆண்டுதோறும் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் விழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் இத்தகைய குதிரைகள் இன்றும் கைமாறுகின்றன. அங்கு வாங்கச் செல்வோர் நிறத்தையும் சுழியையும் ஆராய்வதற்கு முன்னர், தம் ஊரில் ஆண்டு முழுவதும் புல் கிடைக்குமா, லாடம் அடிப்பவரும் குதிரை மருத்துவம் அறிந்தவரும் அழைத்தால் வருவார்களா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையெனில் வாங்காதிருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.