உங்களுக்குத் தெரியுமா? எழுதும் முன் படிக்க வேண்டியது நிரல்!

2004-இல் ஆய்வாளர் ரேமண்ட் லிஸ்டர் குழுவினர் ஏழு நாடுகளில் நிரலாக்கம் கற்கத் தொடங்கிய மாணவர்களைச் சோதித்தார்கள். சின்ன நிரலைக் கொடுத்து, அது ஓடி முடிந்தால் என்ன மதிப்பு வரும் என்று கேட்டபோதே பலர் தடுமாறினார்கள். ஆகவே, கல்லூரியின் முதல் பருவத்தில் நிரலை வரிவரியாகப் படிக்கப் பழக்குவதுதான் சரி. எடுத்துக்காட்டுக்கு, மரக்காணம் உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். கடல்நீரின் அடர்த்தி, பாமே என்ற அளவுகோலில், சுமார் 3 பாகை; ஏறக்குறைய 25-ஐ எட்டினால்தான் உப்பு படியும். 3-இல் தொடங்கி, 25-க்குக் குறைவாக இருக்கும்வரை 4 கூட்டும் சுழற்சியைத் தாளில் போட்டுப் பாருங்கள்: 3, 7, 11, 15, 19, 23, 27. ஆறு சுற்று, 25-இல் நிற்கவே இல்லை! வெறும் தாளென்றால் சலித்துவிடாதா என்பார்கள். விடையை ஊகித்து எழுதியதும் கணினியில் ஓட்டிப் பார்க்க விடுங்கள். ஊகம் பொய்த்த மாணவர் ஏன் என்று கேட்காமல் இருக்கமாட்டார்.