24 லட்சம்: சம்பளமாக வாங்கினால், ஃபீஸாக வாங்கினால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, என்னைப் பேரோல்ல இருந்து எடுத்துட்டு கன்சல்டன்ட்டா போடறோம்னு கம்பெனில சொல்றாங்க. அதே 24 லட்சம்தான். ஆனா டாக்ஸே வராதாம். நிஜமா?"

நிஜம்தான் என்றேன். ஆனால் அதை வைத்து மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே என்றும் சொன்னேன். அன்று மாலை அவனுக்காக நோட்டில் போட்ட கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். கணக்கு 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறைப்படி. பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் எண்கள் மாறும்.

முதலில் சம்பளக்காரர். சி.டி.சி. 24 லட்சம், அதில் பேசிக் பாதி, அதாவது 12 லட்சம். கம்பெனி போடும் பி.எஃப். 12 சதவீதம், 1,44,000. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 58,000. இரண்டையும் கழித்தால் சம்பளம் 21,98,000. நிலைக்கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 21,23,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறும். கூட்டினால் 2,30,750. செஸ் 4 சதவீதம் சேர்த்து 2,39,980. இதைக் கம்பெனியே 192-ஆம் பிரிவின்படி மாதாமாதம் பிடித்துக் கட்டிவிடும்.

இப்போது கன்சல்டன்ட். 44ஏடிஏ என்று ஒரு பிரிவு உண்டு. டாக்டர், வக்கீல், ஆடிட்டர், இன்ஜினியர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற தொழில்காரர்கள் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) அதில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். பில்களைச் சேர்த்து வைக்க வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். 24 லட்சத்தில் பாதி 12 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி உண்டு. ஆக வரி பூஜ்யம். வங்கி வட்டி போல வேறு வருமானம் வந்தால் கோட்டைத் தாண்டும். கொஞ்சமாகத் தாண்டினால் மார்ஜினல் ரிலீஃப் இருக்கிறது.

எச்.ஆர். சொன்னது பொய்யில்லை. வருடத்துக்கு 2.4 லட்சம் மிச்சம். ஆனால் அது உடனே கைக்கு வராது. 194ஜே-படி கம்பெனி 10 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் பணம் தரும், மாதம் 20,000. வருடக் கடைசியில் ஐ.டி.ஆர்.-4 போட்டு ரீஃபண்டாக வாங்க வேண்டும்.

மிச்சமாகும் அந்த 2.4 லட்சம் எங்கெல்லாம் கரையும் என்று அடுத்து பார்த்தேன்.

ஒன்று, ஜி.எஸ்.டி. சேவை வழங்குபவரின் வரவு வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், விகிதம் 18 சதவீதம். ஒப்பந்தத்தில் "24 லட்சம், ஜி.எஸ்.டி. தனி" என்று இருந்தால் கவலையில்லை. கம்பெனி கட்டும், பெரும்பாலும் இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். "எல்லா வரியும் உட்பட 24 லட்சம்" என்று இருந்தால் நம் பங்கு 24 லட்சத்தை 1.18-ஆல் வகுத்தது, 20,33,898. இந்த ஒரு வரியில் 3.66 லட்சம் போய்விடும்.

இரண்டு, லீவு. வருடத்தில் வார நாட்கள் சுமார் 260. பண்டிகை விடுமுறை 10, சம்பளத்துடன் கூடிய லீவு 24 என்று வைத்துக்கொள்வோம். கன்சல்டன்ட்டுக்கு வேலை செய்த நாளுக்கு மட்டும் பணம் என்றால் 34 நாள் கூலி, சுமார் 3.14 லட்சம் போகும். காய்ச்சலில் படுத்தாலும் அதே கதைதான்.

மூன்று, பி.எஃப்., கிராஜுவிட்டி. 24 லட்சத்துக்குள்ளேயே இவை இருந்ததால் அந்தப் பணம் இப்போது கையில் வருகிறது, இழப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் தானாகச் சேர்ந்தது இனி நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. நான் சேர்க்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு, கடன். வங்கி முதலில் பார்ப்பது ரிட்டர்னில் காட்டிய வருமானத்தை. 24 லட்சம் வாங்குபவர் காகிதத்தில் 12 லட்சக்காரர். வரி கட்டும்போது சந்தோஷமாக இருந்த அதே எண், வீட்டுக் கடன் கேட்கும்போது இடிக்கும்.

ஐந்து, நோட்டீஸ். நானும் ஒரு வருடத்துக்கு மேல் கான்ட்ராக்டில் இருந்தவன்தான். 2020 ஏப்ரலில் ஒரு மெயில் வந்தது, இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்ட நாளில் நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. ஒரு மாதம் சும்மா இருந்தால் 2 லட்சம் என்று இவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சட்டக் கேள்வியும் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் ஊழியர் கன்சல்டன்ட் ஆகிவிடுவாரா? வேலைச் சட்டத்தில் இது பழைய வழக்கு. குஜராத்தின் உப்பளங்களில் வேலை செய்த அகரியாக்களுக்கு எடை போட்டுத்தான் கூலி. துணைக்கு ஆளையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் வேலை நடக்கும் விதத்தைக் கம்பெனி கட்டுப்படுத்தியதால் அவர்கள் தொழிலாளர்களே என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. துணிக்குத் துணி கூலி வாங்கிய தையல்காரர்கள் வழக்கிலும் 1973-இல் அதே பக்கம்தான் தீர்ப்பு. கட்டுப்பாட்டை மட்டும் பார்க்காமல், மெஷின் யாருடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்றெல்லாம் பார்த்தார்கள். வரி வழக்குகளில் இதே கேள்வி மருத்துவமனைகளின் கன்சல்டன்ட் டாக்டர்களைப் பற்றி வந்திருக்கிறது. அங்கேயும் பி.எஃப். உண்டா, லீவு உண்டா, நேரக் கட்டுப்பாடு உண்டா என்று ஒப்பந்தத்தைப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள்.

சித்தி மகன் விஷயத்தில் அதே சீட், அதே லேப்டாப், அதே மேனேஜர், அதே ஒன்பதரை மணி. மாறுவது பெயர் மட்டும். நாளைக்கு வரித்துறை இதைச் சம்பளம்தான் என்று சொன்னால் 44ஏடிஏ-வின் பாதிக் கணக்கு நிற்காது. வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

எல்லாம் சொல்லி முடித்தபிறகு அவன் கேட்டான்: "அம்மாவோட இன்ஷூரன்ஸ் என்னாகும்ணா?"

நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சித்திக்கு சர்க்கரை. இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தது கம்பெனி குரூப் பாலிசியில்தான். தனியாகப் புதுப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். இந்த வயதில் பாலிசி கிடைப்பதே சந்தேகம். குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற விதியில் இடம் இருக்கிறது. ஆனால் வேலையை விடும் முன்பே அதைக் கேட்டு முடிக்க வேண்டும்.

அவன் எச்.ஆரிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேட்டிருக்கிறான்: ஜி.எஸ்.டி. தனியா, 60 நாள் நோட்டீஸ் உண்டா, லீவு நாளுக்குப் பணம் உண்டா. முதல் இரண்டுக்கும் சரி என்று பதில் வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் வரவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி பதில் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று இருக்கிறான். இந்த மாதிரி ஒரு தாள் உங்கள் மேஜைக்கும் வந்தால் வரிக் கணக்கைக் கடைசியாகப் போடுங்கள். முதலில் வீட்டில் யார் யார் உங்கள் அடையாள அட்டையை நம்பி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.