அரசியல் யாப்பும் மக்களின் இசைவும்

ஓர் அரசியல் யாப்பைக் கையில் எடுப்போர் அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்றே முதலில் பார்ப்பர். அதை எவர் எழுதினர், எழுதிய பின் எவரிடம் காட்டி இசைவு பெற்றனர் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. ஆயினும் ஒரு யாப்பு நிலைப்பதற்கும் நிலைகுலைவதற்கும் இவ்வினாவோடு நெருங்கிய தொடர்பு உண்டு. இலங்கையின் அரசியல் வரலாறு அத்தொடர்பைத் தெளிவாகக் காட்டுகிறது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் விசுவமடுவைக் கடந்தால் உடையார்கட்டு என்னும் ஊர் வரும். உடையார் என்பது குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உள்ளூர்த் தலைமைக்காரருக்கு வழங்கிய பதவிப் பெயர். அவரை ஊரார் வாக்களித்துத் தெரிந்தெடுக்கவில்லை, அரசாங்கமே நியமித்தது. நியமனமே ஆட்சியாக இருந்த அந்நிலை 1931இல் பெரிதும் மாறியது. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசினால், 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும், சில வதிவிட நிபந்தனைகளோடு, வாக்குரிமை கிடைத்தது. வயலில் நாற்று நடும் பெண்ணும் கொழும்பிலே மாளிகையில் வாழும் கனவானும் ஒரே நிறையுடைய வாக்கைப் பெற்றனர். அன்றைய ஆசியாவில் இது அரிதினும் அரிது.

ஆயினும் வாக்குரிமை ஒன்று, யாப்பை ஆக்கும் உரிமை வேறொன்று. இவ்வேறுபாட்டை உணரப் பிலிப்பைன் தீவுகளின் கதையைச் சிறிது நோக்குவது பயன் தரும். ஸ்பானியரை எதிர்த்தெழுந்த பிலிப்பினோ மக்களின் பிரதிநிதிகள் 1898இல் மலோலோஸ் நகரிலுள்ள பராசோவாயின் தேவாலயத்தில் கூடித் தமக்கெனக் குடியரசு யாப்பொன்றை வகுத்தனர். 1899 சனவரியில் அது பிரகடனம் செய்யப்பட்டது. அடுத்த மாதம் 4ஆம் தேதியே அமெரிக்கப் படைகளோடு போர் மூண்டது. (இலங்கை பின்னர் சுதந்திர தினமாகக் கொண்டாடிய திகதியும் பெப்ரவரி 4 என்பது தற்செயலான ஒற்றுமை.) அந்த யாப்பு அழிந்தது, ஆனால் யாப்பு ஆக்குவது தமது வேலை என்னும் எண்ணம் அம்மக்களிடம் அழியவில்லை. 1934இல், அமெரிக்க ஆட்சியின் கீழேயே, அதற்கென ஒரு மகாநாட்டுக்கு அவர்கள் பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பினர். அம்மகாநாடு எழுதிய யாப்பு 1935 மே 14ஆம் தேதி மக்களின் நேர் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு நிறைவேறிற்று. 1973இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தின் கீழ் ஊர்க்கூட்டங்களைக் கூட்டிக் கையுயர்த்தச் செய்து, அதையே மக்களின் சம்மதம் என்றார். 1986இல் அவரைத் துரத்திய மக்கள், 48 பேர் கொண்ட ஆணைக்குழு எழுதிய புதிய யாப்புக்கு 1987 பெப்ரவரி 2ஆம் தேதி வாக்களித்தனர். நால்வரில் மூவருக்கு மேல் ஆம் என்றனர். சர்வாதிகாரியும் மக்களைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள நேர்ந்தது என்பதே அந்நாட்டின் சிறப்பு.

இனி இலங்கை. 1944 டிசம்பரில் சோல்பரி பிரபுவின் தலைமையில் மூவர் கொண்ட ஆணைக்குழு வந்து சாட்சியம் கேட்டது. அதற்கு முன்பே மந்திரிமார் சபை, சேர் ஐவர் ஜெனிங்ஸ் என்னும் சட்ட அறிஞரின் துணையோடு, ஒரு நகலை ஆயத்தம் செய்திருந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் சபையில் சரிபாதிப் பிரதிநிதித்துவம் கேட்டு வாதாடினார், அது ஏற்கப்படவில்லை. 1945 நவம்பரில் அரசாங்க சபை, 51 வாக்குகளுக்கு 3 என்ற கணக்கில், பிரித்தானியர் தரவிருந்த திட்டத்தை ஏற்றது. 1946இல் மன்னரின் கட்டளையாக அது வெளிவந்தது. மக்கள் நேரில் கேட்கப்படவில்லை.

அந்த யாப்பின் 29ஆம் பிரிவு நேயர்கள் பலரும் கேள்விப்பட்டதுதான். ஒரு சமயத்தின் வழிபாட்டுச் சுதந்திரத்தைத் தடுக்கும் சட்டமும், ஒரு சமூகத்தவருக்கு இல்லாத தடையை இன்னொரு சமூகத்தவர்மீது சுமத்தும் சட்டமும் செல்லுபடியாகா என்று அது விதித்தது. சிறுபான்மையினருக்கு அதுவே காப்பு எனப்பட்டது. காப்பு எவ்வளவு உறுதியானது? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரைப் பிரஜைகள் அல்லாதோர் ஆக்கியது. வழக்கு கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழி ஆயிற்று. சிங்களப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அந்த மொழிச்சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண் என்றது. உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காட இயலாது எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்காடலாம் என்று சொல்லி, யாப்பு முரண் பற்றிய பெரிய வினாவைத் தீர்க்குமாறு திருப்பி அனுப்பியது. அந்த வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. விடை சொல்வதற்கு முன் யாப்பே மாறிவிட்டது.

1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி, வாக்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றும், 151 இடங்களில் 116ஐக் கைப்பற்றியது. புதிய யாப்பு ஆக்க ஆணை தருமாறு தேர்தல் அறிக்கையிலேயே அது கேட்டிருந்தது. யூலை 19ஆம் தேதி, கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களே அரசியல் நிர்ணய சபையாகக் கூடினர். பிரித்தானிய மன்னர் தந்த யாப்பின் வேரை அறுத்து, இந்நாட்டு மண்ணிலேயே முளைத்ததொன்றை நாட்டவேண்டும் என்பது கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவின் வாதம். அது மறுக்கத்தக்க வாதம் அன்று. தமிழரசுக் கட்சியும் அச்சபைக்குச் சென்றது. அங்கே கூட்டாட்சிக்கான திருத்தம் தோற்றது. மொழி பற்றிய திருத்தங்களும் தோற்றன. 1971 யூனில் அக்கட்சி வெளியேறியது. 1972 மே 22ஆம் தேதி, 119 வாக்குகளுக்கு 16 என்ற கணக்கில் யாப்பு நிறைவேறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு அரசகரும மொழித் தகுதியும் அதில் எழுதப்பட்டன. 29ஆம் பிரிவு இல்லை. 1970இல் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான உறுப்பினர்கள், 1972 முதல் மேலும் ஐந்தாண்டு இருக்கலாம் என்றும் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். மண்ணில் முளைத்தது என்று சொல்லப்பட்ட யாப்பை அந்த மண்ணின் மக்களுக்கு முன் வைக்க எவரும் முன்வரவில்லை.

மக்களைக் கேட்க ஒருவர் வழி தேடினார். 1972 ஒக்டோபரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமது காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, இவ்யாப்பைத் தமிழர் ஏற்கின்றனரா என்பதை இடைத்தேர்தலில் காணலாம் என அறைகூவினார். இடைத்தேர்தல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிற்போடப்பட்டது. 1975 பெப்ரவரியில் நடந்தபோது அவர் பெருவெற்றி பெற்றார். ஒரு தொகுதியின் வாக்கு ஒரு நாட்டின் யாப்பை மாற்றாது, மாற்றவுமில்லை.

1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பெற்றது. இம்முறை தனி நிர்ணய சபையும் கூட்டப்படவில்லை. பாராளுமன்றத் தெரிவுக்குழுவே போதுமெனக் கருதப்பட்டது. தமிழர் விடுதலைக் கூட்டணி அதிற் பங்குபற்றவில்லை. 1978 செப்டெம்பர் 7ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அந்த யாப்பு, இறைமை மக்களிடமே உள்ளது என்று 3ஆம் உறுப்புரையில் கூறுகிறது. அவ்வுறுப்புரை உள்ளிட்ட சிலவற்றை மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தின் மூன்றிலிரண்டு பங்கினரோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும் என 83ஆம் உறுப்புரை விதிக்கிறது. மாற்றுவதற்கு மக்கள் வேண்டும், ஆக்குவதற்கு வேண்டியிருக்கவில்லை! மக்கள் தீர்ப்பு இந்நாட்டில் ஒரு முறையே நடந்தது: 1982 டிசம்பர் 22ஆம் தேதி. கேட்கப்பட்ட வினாவோ, இருக்கும் பாராளுமன்றம் தேர்தல் இன்றி மேலும் ஆறாண்டு நீடிக்கலாமா என்பது.

யாப்பு மாறும்போது சாதாரண வாக்காளரின் நிலை எவ்வாறு மாறுகிறது என்பதற்கு உடையார்கட்டே உதாரணம். 1947இல் அப்பகுதி வவுனியாத் தொகுதியைச் சேர்ந்தது. 1977இல் முல்லைத்தீவு தனித் தொகுதியாகித் தனக்கென ஓர் உறுப்பினரைத் தெரிந்தது. விகிதாசார முறைப்படி 1989இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலிருந்து மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அவ்வூரார் கட்சிக்கு ஒரு வாக்கும், விரும்பினால் மூன்று விருப்பு வாக்குகளும் அளிக்கின்றனர். தமது தொகுதிக்குரிய உறுப்பினர் இவரே என்று சுட்டிக் காட்டும் வசதி போயிற்று. சிதறிக் கிடந்த சிறு கட்சிகளின் வாக்கு வீணாகாத வசதி வந்தது. எது நன்று என்று வாதிடலாம். எது வேண்டும் என்று அவர்களிடம் எவரும் கேட்டதில்லை.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கி, மாகாண சபைகளுக்கு இடமளித்தது. அதற்கு மக்கள் தீர்ப்பு வேண்டியதில்லை என ஒன்பது நீதியரசர்களுள் ஐவர் கருதினர், நால்வர் மாறுபட்டனர். 2016இல்தான் யாப்பைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தறியும் குழுவொன்று மாவட்டந்தோறும் அமர்வு நடத்தியது. அவ்வாண்டு மார்ச்சில் பாராளுமன்றம் தன்னை அரசியலமைப்புப் பேரவையாக அமைத்துக்கொண்டது. 2017 செப்டெம்பரில் அதன் வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை வெளியாயிற்று. 2019இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் அம்முயற்சி தொடரவில்லை.