ஷட்டர் போட்ட டி.வி. பெட்டி

பிக்சர் டியூப் வைத்த பழைய டி.வி.யை, கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. ரிப்பேர் வேறு, இது வேறு. மெக்கானிக்குக்குப் படம் வந்தால் போதும். பழைய போர்டைக் கழற்றிவிட்டுச் சந்தையில் கிடைக்கும் வேறொரு போர்டை மாட்டிவிடுவார். சீரமைப்பவருக்கு அதே போர்டு, அதே சேனல் குமிழ், அதே தேக்கு நிறப் பெட்டி வேண்டும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகிலுள்ள கொல்லயில் போன்ற கேரள-தமிழக எல்லைக் கிராமங்களுக்கு டி.வி. வந்த கதை தனி. டெல்லியில் ஒளிபரப்பு தொடங்கியது 1959-இல். சென்னைக்கு 1975-இல் வந்தது. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது 1985-இல். இதற்கிடையே 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. தென்கோடிக் கடற்கரை ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டிக் கடல் தாண்டி வந்த படத்தைப் பிடித்தார்கள். இலங்கையும் இந்தியாவும் 625 வரிகள் கொண்ட ஒரே பால் (PAL) ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியதால் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் இந்தப் பக்கத்துக்கு நெருக்கமான பெயர் கெல்ட்ரான். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1973-இல் தொடங்கிய கேரள அரசு நிறுவனம் அது. சென்னையிலிருந்து சாலிடேரும் டயனோராவும் வந்தன, ஹைதராபாத்திலிருந்து இ.சி. டி.வி. வந்தது. பல பெட்டிகளுக்கு மரச்சட்டங்களைத் துணியில் ஒட்டிய ஷட்டர் உண்டு. படம் பார்த்து முடிந்ததும் இழுத்து மூடிப் பூட்டிவிடலாம். பீரோவைப் பூட்டுவதுபோல டி.வி.யைப் பூட்டிய காலம்.

இன்று அப்படியொரு பெட்டி பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையிலோ, வீட்டுப் பரணிலோ கிடைத்தால், உடனே பிளக்கைச் செருகிப் பார்ப்பதுதான் முதல் தவறு. முப்பது, நாற்பது ஆண்டு கிடந்த பெட்டிக்குள் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் காய்ந்திருக்கும் அல்லது ஷார்ட் ஆகியிருக்கும். பல்லி, கரப்பான், குளவிக் கூடு எல்லாம் இருக்கும். மழை நின்றாலும் ஈரம் போகாத ஊர் என்பதால் இரும்புச் சட்டமும் திருகுகளும் துருப்பிடித்திருக்கும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டி, நாள் முழுக்க உலரவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஆபத்து. கறுப்பு வெள்ளை பிக்சர் டியூபுக்கே 15,000 வோல்ட் அளவில் மின்சாரம் போகும். கலர் டியூபுக்கு 20,000-க்கும் மேல். டியூபின் உள்பூச்சும் வெளிப்பூச்சும் நடுவிலுள்ள கண்ணாடியும் சேர்ந்து ஒரு கண்டன்சராகிவிடுவதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். ரப்பர் மூடிக்கு அடியிலுள்ள முனையை, டியூபைச் சுற்றியுள்ள எர்த் பின்னலோடு இணைத்து இறக்கிவிட்டுத்தான் உள்ளே கைவைக்க வேண்டும். பல பெட்டிகளில் உலோகச் சட்டமே மெயின் கரண்டோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். மெயின் கரண்டிலிருந்து பெட்டியைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் திறந்த பெட்டியை ஓட்டக் கூடாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் புதியவர் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

பழைய மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்பு இங்கே கைகொடுக்கும். கரண்ட் வரும் வழியில் 100 வாட் குண்டு பல்பை மாட்டினால், பெட்டிக்குள் ஷார்ட் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பிக்கும். கலர் டி.வி. என்றால் பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மங்கும். திரையின் காந்தத்தைப் போக்கும் சுருள் தொடக்கத்தில் மட்டும் நிறைய மின்சாரம் இழுப்பதே காரணம்.

அதன் பிறகு திரையே நோயைச் சொல்லும். நடுவில் குறுக்காக ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் மேலும் கீழும் படத்தை விரிக்கும் பகுதி நின்றுவிட்டது. உடனே வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் கோடு திரையில் நிரந்தரத் தழும்பாகிவிடும். படம் மேலும் கீழும் சுருங்கினால் அதே பகுதியின் கண்டன்சர்களைச் சந்தேகிக்கலாம். சத்தம் வந்து திரை இருண்டே கிடந்தால் பெரும்பாலும் எல்.ஓ.டி. என்னும் உயர் மின்னழுத்த டிரான்ஸ்பார்மரிலோ, அதை இயக்கும் டிரான்சிஸ்டரிலோ கோளாறு. எல்.ஓ.டி. சரியாக இயங்கும்போது மெல்லிய ஊசிக் குரல் ஒன்று கேட்கும். 625 வரியை நொடிக்கு 25 தடவை வரைவதால் பிறக்கும் 15,625 ஹெர்ட்ஸ் ஒலி அது. சிறுவர்களுக்குக் கேட்கும், சீரமைக்கும் தாத்தாவுக்குக் கேட்காது.

கண்டன்சரும் டிரான்சிஸ்டரும் இன்றும் கடையில் கிடைக்கும். பிக்சர் டியூப் கிடைக்காது. ஒரு காலத்தில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சாம்டெல்லும் இங்கேயே டியூப் செய்தன. இப்போது கிடைப்பது வேறொரு செத்த பெட்டியிலிருந்து எடுத்தது மட்டும். கழுத்துப் பகுதியில் உட்புறமுள்ள வெள்ளி நிறப் பூச்சு பால் வெள்ளையாகியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த டியூபுக்கு மருந்தில்லை. அதனால் வாங்குமுன் பெட்டியின் அழகைவிடக் கழுத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். உடைந்த ஷட்டரை ஆசாரி சரிசெய்துவிடுவார்.

எல்லாம் சரியானாலும் ஒரு சிக்கல் பாக்கி. பெட்டி விழித்துக்கொள்ளும்போது வானத்தில் ஒன்றுமில்லை. தூர்தர்ஷனின் அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. மொட்டைமாடி ஆன்டெனா பிடிப்பது வெறும் புள்ளிமழை. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் ஆன்டெனா துளையைத் தவிர வேறு வாசல் கிடையாது. செட்டாப் பாக்ஸின் படத்தை ஆன்டெனா அலையாக மாற்றித் தரும் மாடுலேட்டர் வேண்டும். இதில் பலர் ஏமாறுவது ஒலியில். அமெரிக்க முறை மாடுலேட்டரில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், இங்குள்ள பெட்டி எதிர்பார்ப்பது 5.5. படம் வரும், பேச்சு வராது. கேபிள் டிஜிட்டலான பிறகு ஆபரேட்டர்கள் கழற்றிப்போட்ட பழைய மாடுலேட்டர்கள் இந்த ஊர் முறைக்கே செய்யப்பட்டவை. தேடிப் பிடித்தால் வேலை முடிந்தது. செட்டாப் பாக்ஸில் திரை அளவை 4:3 என்று மாற்றாவிட்டால் ஆட்கள் ஒட்டடைக்குச்சிபோல நீண்டு தெரிவார்கள்.

சீரமைத்த பெட்டியை மூடிவைப்பதும் கெடுதல். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிட்டால் கண்டன்சர்கள் நிலைகுலையாமல் இருக்கும். உள்ளே ஏறிய ஈரமும் சூட்டில் வெளியேறும். மழைக்காலத்தில் இரண்டு தடவை ஓட்டலாம். இடி இடிக்கும்போது பிளக்கும் ஆன்டெனா வயரும் வெளியே இருக்க வேண்டும்.